வெள்ளிக்கிழமை வரும் கடல்

கடல் தங்கச்சியின் வீட்டு வாசலுக்கு வந்து சேரும் நாள், ஒரு மத்தியானம் இரண்டு மணிக்கு ஆகிலாவின் கம்பியூட்டரில் தெரிய வந்தது. 2029 மே நாலாம் திகதி. வெள்ளிக்கிழமை.

கடலிடம் அவள் அதைக் கேட்கவில்லை. கரையோர அறிக்கைக்கு வரைபு ஒன்று வேண்டும் என்று அலுவலகத்தில் சொன்னார்கள், போட்டாள். 2025 பெப்ரவரி முதலாம் திகதி கடற்கரை மணலில் சிவப்புச் சாயம் பூசிய கட்டையொன்றை நட்டு, அளவு நாடாவை அவள் கையில் கொடுத்துவிட்டு ஜீப்பில் ஏறிப் போனவர்கள், அதன் பிறகு அந்தப் பக்கம் தலை வைத்தும் படுக்கவில்லை. மாதா மாதம் முதலாம் திகதி கட்டையிலிருந்து தண்ணீர் விளிம்பு மட்டும் அளப்பது ஆகிலாவின் வேலை. பட்டம் எடுத்து, மூன்று வருடம் வீட்டில் குந்தியிருந்து, வேலை கேட்டு வெயிலில் பதாகை பிடித்துக் கிடைத்த உத்தியோகம், நாடாவின் ஒரு நுனியைப் பிடிப்பது. மறு நுனியைப் பிடிக்க ஆள் தரவில்லை. கட்டையிலிருந்த ஆணியில் அதைக் கொளுவிவிட்டுத் தனியே கடலை நோக்கி நடப்பாள்.

முதல் மாதம் ஐம்பத்திரண்டு மீற்றர். அடுத்த மாதம் ஐம்பதும் சொச்சமும். அப்படிக் குறைந்து குறைந்து ஒக்டோபரில் முப்பத்தேழு தசம் ஆறு.

ஒன்பது மாதம், ஒன்பது புள்ளி. திரையில் அவை கரண்டுக் கம்பியில் குந்திய காகங்கள் மாதிரி ஒரே வரிசையாக இருந்தன. நேர்கோடு பொருத்தும்படி கேட்டாள். ஒரு கோடு வந்து, ஒன்பது காகத்தின் காலடியிலும் அலுங்காமல் நுழைந்து படுத்தது. மாதத்துக்கு ஒன்று தசம் எட்டு மீற்றர். பொருத்தம் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது.

பக்கத்தில் சின்னப் பெட்டியொன்று இருந்தது. கோட்டை இன்னும் எத்தனை மாதம் முன்னுக்கு நீட்டட்டும் என்று அது கேட்டது. பன்னிரண்டு என்று அடித்தாள், நீண்டது. அறுபது என்று அடித்தாள், அதற்கும் நீண்டது. எங்கே போகிறாய், யாரோடு போகிறாய், மஃரிபுக்கு முந்தித் திரும்பி வருவாயா என்று ஒரு கேள்வி இல்லை. இருபத்தேழு வருடத்தில் இவ்வளவு தூரம் அவளைத் தனியே போக விட்டது அந்தப் பெட்டி ஒன்றுதான்.

அந்த மயக்கத்தில்தான் அவள் வீட்டையும் வரைபில் வைத்தாள். கட்டை நட்ட இடத்திலிருந்து ஊர்ப் பக்கமாக நாற்பது மீற்றரில், ஒரு கறுப்புப் புள்ளி. கோடு கட்டையைத் தாண்டி, பூச்சியத்துக்குக் கீழே இறங்கி, அலட்டிக்கொள்ளாமல் போய் அந்தப் புள்ளியைத் தொட்டது.

வீடு என்றால் சும்மா வீடல்ல. வாப்பா காலிதீன் இருபத்தெட்டு வருடம் கடலுக்குப் போய், தங்கச்சி ஸப்னாவின் கலியாணத்துக்காகக் கட்டுகிற வீடு. ஓடு போட்டாயிற்று. கதவு நிலை வைத்தாயிற்று. நவம்பர் கடைசியில் நிக்காஹ். பெண்ணுக்கு வீடு கொடுக்காமல் அந்தக் கரையில் கலியாணம் இல்லை. ஆகிலாவுக்கு அந்த வழக்கத்தைக் கண்ணில் காட்டக் கூடாது. வீடு பொம்பிளைக்கு, திறப்புச் சாவி மாப்பிளைக்கு, கதை மாப்பிளையின் மாமாவுக்கு என்பாள். தனக்கு வந்த மூன்று சம்பந்தத்தை அப்படிக் கதைத்தே விரட்டியவள். ஆனால் ஸப்னா அவளைப் போல் அல்ல. மாப்பிளை பர்ஸானைக் கட்ட வேண்டும், நீலக் கதவு வைத்த வீட்டில் இருக்க வேண்டும், அவ்வளவுதான் ஸப்னாவின் உலகம். கதவு வாங்கிய அன்று அதைச் சுவரில் சாய்த்து வைத்து, திறந்து திறந்து சாத்திப் பார்த்தவள்.

அடுத்த மேசையில் சோற்றுப் பார்சலை விரித்த தொழில்நுட்ப உத்தியோகத்தர் கனகரெத்தினம் திரையை எட்டிப் பார்த்தார். வீரமுனைக்காரர், வயல்காரர், வாயும் கொஞ்சம் நீளம்.

"மாசம் ஆறடி," என்றார். "பிள்ளை, கடலுக்கு ஆர் மேசன் வேலை பழக்கினது? நூல் பிடிச்ச மாதிரி வருது."

"ஏன் ஸேர், நான் போட்ட கோடு நேரா இரிக்கக் கூடாதா?"

"கோடு நேரா இருக்கட்டும். கடல் அப்பிடி நடக்காது. அது குடிச்ச வெறிகாரன் மாதிரி, ரெண்டடி வந்தா மூண்டடி போகும்."

படிச்ச பொம்பிளை சொன்னால் கடலும் பொய் சொல்லும் இந்த ஆம்பிளைகளுக்கு, என்று மனசுக்குள் திட்டிவிட்டு அவள் வரைபைச் சேமித்தாள். மின்விசிறி சுற்றியது. சோற்றுக் களைப்பில் கண் செருகியது. கோடு திரையின் ஓரத்தில் நிற்கவில்லை. சுவரைத் துளைத்து வெளியே போய், தபாற் கந்தோருக்கு மேலால், தென்னைகளுக்கு மேலால், ஒரே சாய்வில் இறங்கிப் போனது. அதில் துணி காயப் போட்டிருந்தார்கள். அதன் முடிவில் கடல் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு, செருப்பைக் கையில் பிடித்தபடி, நீலக் கதவைத் தட்டி நின்றது. "ஆரும் இல்லையா?" என்று மரியாதையாகக் கேட்டது.

விழித்தபோது வரைபு அவளைத் தாண்டிப் போய்விட்டிருந்தது. மேலதிகாரி அதை அறிக்கைக் குழுவுக்கு அனுப்ப, குழுவிலிருந்த ஒருவர் மச்சானுக்கு அனுப்ப, மச்சான் பள்ளிவாசல் வட்ஸ்அப்பில் போட, அஸர் தொழுகை முடிந்து செருப்புப் போடுவதற்குள் ஊர் முழுக்க அதைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டது.

பின்னேரம் வீட்டுக்கு றஸாக் ஹாஜியார் வந்தார். பர்ஸானின் மாமா. கலியாணம் பர்ஸானுக்கு என்றாலும் கதை முழுக்க அவருடையது. கதிரையில் இருந்து, பிளேன்ரீயைக் குடித்து முடித்து, போனை மூக்குக்கு நேரே பிடித்தார்.

"வெள்ளிக்கிழமை எண்டு போட்டிரிக்கி. ஜும்ஆவுக்கு முந்தியா, பிந்தியா?"

வாப்பா ஆகிலாவைப் பார்த்தார். அவளுக்கு நேராகக் கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்லித்தான் பழக்கம். மனக்கணக்குப் போட்டாள்.

"கோட்டுப்படி காலையில பத்தரை."

"அப்ப முந்தி," என்றார் ஹாஜியார், அதுதான் பெரிய குறை போல. பிறகு சொல்ல வந்ததைச் சொன்னார். கடலுக்கு எழுதிக் கொடுத்த வீட்டில் மருமகனைக் குடிவைக்க ஏலாது. உள்ளுக்கு, வயல் பக்கம், வேறு வீடு கட்டிக் கொடுங்கள். இல்லாட்டி நவம்பரை மறந்துவிடுங்கள்.

வயல் பக்கம் வாப்பாவுக்கு இருந்தது ஒரு வெறும் வளவு. அதில் ஒரு கிணறும் ஒரு நாவல் மரமும்.

அவர் போன பிறகு ஸப்னா அறைக்குள் வந்து கட்டிலின் ஓரத்தில் இருந்தாள். அழவில்லை. அதுதான் ஆகிலாவைச் சுட்டது.

"ராத்தா, அந்தக் கோட்டைக் கொஞ்சம் சரிச்சுப் போட ஏலாதா?"

"கோடு என்ன முக்காடா, இழுத்து விட?"

ஆனாலும் அடுத்த நாள் அலுவலகத்தில் அவள் இழுத்துப் பார்த்தாள். நேர்கோட்டுக்குப் பதிலாக வளைகோடு பொருத்தச் சொன்னாள். மென்பொருள் அதற்கும் ஏன் என்று கேட்கவில்லை. ஒன்பது புள்ளிக்குள்ளும் பதவிசாக நுழைந்த வளைகோடு, பத்தாவது மாதத்தில் தலையைத் தூக்கி, பிறகு ஆகாயத்தைப் பார்த்து ஏறியது. அதன்படி அடுத்த மாதமே கடல் பின்வாங்கத் தொடங்கும். 2030 இல் கட்டைக்கும் தண்ணீருக்கும் முந்நூறு மீற்றர். இது முட்டாள்தனம் என்று அவளுக்குத் தெரியும். தெரிந்துகொண்டே அச்செடுத்துக் கொண்டுபோய்க் கொடுத்தாள். அவள் செய்த ஒரே பொய் அது, அதுவும் தங்கச்சிக்காக.

ஹாஜியார் தாளை நெடுநேரம் பார்த்தார். முகத்தில் மெதுவாக வெளிச்சம் பரவியது. அவளுக்கும் நெஞ்சு ஆறியது.

"அப்ப புதுசா வாற காணி ஆருட பேருக்கு?"

"எந்தக் காணி?"

"கடல் போனா காணி வரும்தானே. முந்நூறு மீற்றர். வீட்டுக்கு நேர வாறது வீட்டோட சேத்தி. காணி உறுதியில அதையும் எழுதிருவம்."

வீட்டையே வேண்டாம் என்றவர் கடலையும் சேர்த்துக் கேட்டார். அதோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அவர் அதைத் தேநீர்க் கடையில் சொன்னார். இரண்டாம் நாள் கரையில் வீடுள்ளவர்கள் எல்லாரும் தங்கள் வளவுக்கு நேரே வரப்போகும் நிலத்தைப் பார்க்க வந்துவிட்டார்கள். மூன்றாம் நாள் யாரோ அலைக்கு அப்பால் மிதவை விட்டு எல்லை போட்டான். நாலாம் நாள் காலையில் இடுப்பளவு தண்ணீரில் இரண்டு பேர் நின்று, உன் வேலி என் பக்கம் நாலடி வந்திருக்கிறது என்று சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு அலைக்கும் இரண்டு பேரும் ஒன்றாகத் துள்ளி, ஒன்றாக இறங்கி, விட்ட இடத்திலிருந்து சண்டையைத் தொடர்ந்தார்கள். வலை இழுக்க வழியில்லை என்று மீனவர் சங்கம் அலுவலகத்துக்குக் கடிதம் எழுதியது. மேலதிகாரி ஆகிலாவிடம் விளக்கம் கேட்டார், எழுத்தில்.

அவள் வாயால் சொன்னாள். வெள்ளிக்கிழமை பின்னேரம் கரைக்குப் போய், சனத்தைக் கூப்பிட்டு வைத்து, வளைகோடு பிழை, நான் வேணுமெண்டு வளைச்சது, நேர்கோடுதான் சரி என்று மூக்கு விடைக்கச் சொன்னாள். இதோடு விஷயம் முடியும் என்று நினைத்தாள்.

"பாத்தீங்களா," என்றார் ஹாஜியார் கூட்டத்தைப் பார்த்து. "படிச்ச புள்ள. ரெண்டு தரம் பாத்துப் போட்டு முதல் சொன்னதையே சொல்லுது."

முதல் வாரம் வதந்தியாக இருந்த கோடு இப்போது சட்டமாகிவிட்டது. மேசன் வேலைக்கு வரவில்லை. நிறம் பூச வந்தவன் வாளியைத் தூக்கிக்கொண்டு போனான். பக்கத்து வீட்டுக்காரர் முருங்கை மரத்தைக் கிளை கிளையாக வெட்டி உறவினர் வீட்டுக்குக் கொடுத்தனுப்பினார். ஸப்னா அக்காவோடு கதைப்பதை விட்டாள். உம்மா பறைந்ததெல்லாம் கோழிகளிடம்.

வாப்பா மட்டும் ஏசவில்லை. இரண்டு நாள் விடியலில் போய்க் கடலைப் பார்த்தபடி நின்றார். மூன்றாம் நாள் அவளைத் தேடி வந்தார்.

"கடல் எனக்கு அங்கதான் நிக்கிற மாதிரித் தெரியுது, மகள்."

"கண் பொய் சொல்லும் வாப்பா. மாசத்துக்கு ஒண்டே முக்கால் மீற்றர் கண்ணுக்குத் தெரியாது. அதுக்குத்தான் அளக்கிற."

"ஓம். நான் படிக்காதவன். அளந்தது நீ." கடல் பக்கம் ஒரு தரம் திரும்பிப் பார்த்தார். "வாற ஒண்டாந் திகதி எவ்வளவு எண்டு சொல்லுது உன்ட கோடு?"

"முப்பத்தஞ்சு தசம் எட்டு."

"நானும் வாறன். அது சொன்னதுதான் வந்தா, கதவு, நிலை, ஓடு எல்லாத்தையும் கழட்டி வயல் வளவுக்குக் கொண்டுபோவம். வராட்டி ஹாஜியார்ட மூஞ்சியில கதவைச் சாத்துவம்."

அன்றிலிருந்து ஆகிலா ஒரு காரியம் செய்தாள். தான் போட்ட கோடு பிழைக்க வேண்டும் என்று துஆ கேட்டாள். குடும்பத்தில் முதலாவதாகப் பட்டம் எடுத்தவள், தனக்குக் கணக்குத் தெரியாமல் இருக்கட்டும் என்று அல்லாஹ்விடம் கையேந்தினாள்.

நவம்பர் முதலாம் திகதி, சனிக்கிழமை. வாடைக் காற்று இன்னும் தொடங்கவில்லை. கடல் எண்ணெய் ஊற்றிய மாதிரிக் கிடந்தது. எங்கே தண்ணீர் முடிந்து எங்கே ஆகாயம் தொடங்குகிறது என்று தெரியவில்லை. தூரத்துத் தோணியொன்று இரண்டுக்கும் நடுவில் எதிலும் படாமல் தொங்கியது. கரை முழுக்கக் கருவாட்டு வாசம். நடக்கையில் ஆகிலாவுக்குத் தான் இன்னும் அலுவலக மேசையில் தலை வைத்துக் கிடப்பது போலவும், இந்த மணல், இந்தத் தோணி, முன்னால் சாரனை மடித்துக் கட்டிக்கொண்டு போகிற வாப்பா எல்லாம் அந்தக் கோட்டின் நுனியில் எங்கோ நடப்பது போலவும் இருந்தது.

நஸீறா சாச்சி வழக்கம் போல அவர்களுக்கு முந்தியே வந்து கருவாடு பரப்பிக்கொண்டிருந்தாள். அந்தக் கரையில் ஆகிலாவுக்குப் பிடித்த ஒரே யாவாரம் அவளுடையது. புருஷன் இல்லை, கூட ஆள் இல்லை. பெப்ரவரியில் மூன்று பன்பாயோடு தொடங்கியவள், மாதம் ஒரு பாய் தானே இழைத்து, தன் குடிலடியிலிருந்து கடலை நோக்கி வரிசையாக நீட்டிக்கொண்டே வந்து, இப்போது பன்னிரண்டாவது பாயில் நிற்கிறாள். காகம் கொத்தாமல் மேலே பழைய வலை. வலையின் தலைப்பைச் சிவப்புக் கட்டையில் கட்டியிருப்பாள். அளக்கப் போகும்போதெல்லாம் ஆகிலாவுக்கு ஒரு பிளேன்ரீ கிடைக்கும். கந்தோர் கட்டை கந்தோருக்கு மட்டும் பயன்பட்டால் போதுமா, ஒரு பொம்பிளைக்கும் பயன்படட்டும் என்று ஆகிலா வலையைப் பற்றி எங்கும் எழுதவில்லை.

நாடாவின் நுனியை ஆணியில் கொளுவினாள். நடந்தாள். வாப்பா பக்கத்தில் நடந்தார். ஈர மணலில் கால் பட்டது. இன்னும் இரண்டு எட்டு வைத்தாள். அலையொன்று வந்து, நாடாவின் மேல் ஏறி, இறங்கிப் போனது. அதன் விளிம்பில் குனிந்து வாசித்தாள். நிமிர்ந்து கடலைப் பார்த்தாள். மறுபடி குனிந்தாள்.

முப்பத்தைந்து தசம் எட்டு.

வாப்பாவுக்கு எழுத்துத்தான் வராது, இலக்கம் வரும். அவரும் குனிந்து வாசித்தார். நாடாவைத் தானே சுற்றி, மணலைத் தட்டி, அவள் கையில் வைத்தார். பிறகு அவள் தலையில் ஒரு முறை கை வைத்தார்.

"கெட்டிக்காரி நீ," என்றார். அதைவிட அவர் அறைந்திருக்கலாம்.

உழவு இயந்திரம் வீட்டடியில் ஏற்கெனவே நின்றது. ஹாஜியார் ஏற்பாடு. கடல் எவ்வளவு மெதுவாக வந்தாலும் அவர் வேகமாக வருவார். ஆகிலா போகவில்லை. கட்டையடியிலேயே மணலில் குந்திவிட்டாள். அங்கிருந்து எல்லாம் கேட்டது. ஆணி பிடுங்கும் சத்தம். ஓடு ஓட்டின் மேல் அடுக்கும் சத்தம். நிலையைத் தள்ளும்போது ஆம்பிளைகள் ஒன்றாகப் போடும் சத்தம். வெயில் ஏறியது. கடல் அதே இடத்தில் சிணுங்கியது. கொஞ்சம் வந்து, கொஞ்சம் போய், ரெண்டடி வந்தா மூண்டடி போகும் என்று கனகரெத்தினம் ஸேர் சொன்னது போலவே நடந்துகொண்டிருந்தது. அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு ஆத்திரம் வந்தது. வருகிறவன் ஒழுங்காக வரட்டுமே. இப்படி ஒன்றும் தெரியாத பிள்ளை மாதிரி நிற்பதேன்.

நடுப்பகல் ளுஹர் தொழுகைக்குச் சற்று முன் உழவு இயந்திரம் புறப்பட்டது. கடற்கரைப் பாதையால் ஆடி ஆடிப் போனது. மேலே ஓடு, அதற்கு மேலே யன்னல், எல்லாவற்றுக்கும் மேலே கயிறு போட்டுக் கட்டிய நீலக் கதவு. கதவு ஆகாயத்தைப் பார்த்துப் படுத்திருந்தது. சக்கரம் பள்ளத்தில் விழும்போதெல்லாம் அது கொஞ்சம் திறந்து, கொஞ்சம் சாத்தியது. பின்னால் ஸப்னா நடந்தாள், தூக்கிப் போகும் மையித்துக்குப் பின்னால் நடப்பது போல. முன்னால் மோட்டார் சைக்கிளில் ஹாஜியார், பார்த்துப் பார்த்து, பள்ளம், பள்ளம் என்று கை காட்டியபடி.

ஆகிலா எழும்பப் பார்த்து, முழு உடம்பையும் சிவப்புக் கட்டையில் சாய்த்தாள். கட்டை மெதுவாகக் கடல் பக்கம் சரிந்தது.

பன்னிரண்டாவது பாயில் கருவாட்டைப் புரட்டிக்கொண்டிருந்த நஸீறா சாச்சி தலை நிமிர்ந்தாள்.

"அதுல சாயாதங்க மகள், விழுந்திரும். மாசம் ஒரு பாய் கூடக்குள்ள வலை எட்டாதெண்டு நான் அதைப் புடுங்கி ஆறடி கடல் பக்கமா நடுறதானே, இந்தப் பாய்க்கு நேத்துத்தான் நட்டன், மண் இன்னும் இறுகல்ல."